பால் கக்கும் குழந்தைக்கு மருந்து வேண்டுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்து சில வாரமே ஆன குழந்தை குடித்த பாலைக் கக்கிக்கொண்டே இருந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. டாக்டரிடம் போனால் ஒரு சொட்டு மருந்தோ சிரப்போ எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்து அதன் பெயரைப் போனில் தேடினால் இதயத் துடிப்பு, எலும்பு முறிவு, புற்றுநோய் என்று ஏதேதோ வருகிறது. கொடுப்பதா, விடுவதா என்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"இந்த மருந்து பாதுகாப்பானதா?" என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். "என் குழந்தைக்கு இது தேவையா, கொடுத்தால் எது சரியாகும்?" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பயன் இல்லாத இடத்தில் சின்ன ஆபத்தைக்கூட ஏற்றுக்கொள்ளக் காரணம் இல்லை. தேவை உண்மையாக இருந்தால், அதே ஆபத்தைத் தாங்கிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

குழந்தை ஏன் இப்படிக் கக்குகிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அது அடிக்கடி தானாகத் தளர்ந்துவிடும். இரைப்பையோ சின்னது, உள்ளே போவதெல்லாம் திரவம், குழந்தை நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறது. பால் மேலே வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இப்படி மேலே வருவதைத்தான் எதுக்களிப்பு என்கிறார்கள்.

பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் தொடங்கும். நான்காவது மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். அந்த வயதில் மூன்றில் இரண்டு குழந்தைகள் தினம் ஒரு முறையாவது கக்குகின்றன. உட்காரவும் கெட்டியான உணவு சாப்பிடவும் தொடங்கியதும் குறைய ஆரம்பித்து, ஒரு வயதுக்குள் 10க்கு 9 குழந்தைகளுக்குத் தானாக நின்றுவிடும். கக்கிவிட்டு உடனே சிரிக்கிறது, நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் அது நோயே இல்லை.

ஆனால் குடித்தது முழுவதும் வெளியே வந்துவிடுகிறதே?

அப்படித்தான் தோன்றும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு டீஸ்பூன் பாலை, அதாவது 10 மில்லி, ஒரு பழைய துண்டில் ஊற்றுங்கள். உள்ளங்கையை மீறிப் பரவும். அதே அளவு உங்கள் தோளிலும் புடவையிலும் விழும்போது குழந்தை குடித்ததையெல்லாம் கொட்டிவிட்டது போலத்தான் இருக்கும்.

இதில் கண்ணை நம்ப முடியாது, தராசை நம்பலாம். முதல் மூன்று மாதத்தில் குழந்தை நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ, எப்போதும் ஒரே எடைக்கருவியில், துணி இல்லாமல் எடை பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் தேவையான பால் உள்ளே தங்குகிறது.

எப்போது காத்திருக்கவே கூடாது?

வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பாலில் பித்தம் கலந்து வருகிறது என்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை, குடித்த ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடிப்பதுபோல வாந்தி எடுத்து, உடனே மறுபடி பசியோடு அழுதால், இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழியை அடைத்திருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், சின்ன அறுவை சிகிச்சையில் குணமாகும். சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டே நாளைக் கடத்தினால்தான் குழந்தை வாடிப்போகும்.

வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் போன்ற நிறம், மலத்தில் ரத்தம், வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, காய்ச்சல், உச்சிக்குழி புடைத்திருப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, மூச்சு நின்று நின்று வருவது ஆகியவையும் அவசரம்தான். எடை ஏறவில்லை, ஆறு மாதத்துக்கு மேல்தான் புதிதாக வாந்தி தொடங்கியது, ஒன்றரை வயதாகியும் நிற்கவில்லை என்றால் அவசரம் இல்லாவிட்டாலும் கட்டாயம் காரணம் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை தூங்கி எழும் நேரத்தில் கையைக் காலைச் சட்டென்று உதறி, உடம்பை மடக்கி மடக்கி, சில வினாடி இடைவெளியில் வரிசையாகச் செய்தால் அது வயிற்றுவலியோ எதுக்களிப்போ அல்லாமல் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். "கேஸ்" என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

என்னென்ன மருந்து எழுதுகிறார்கள்?

இரண்டு வகை. ஒன்று, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கப் பார்க்கும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட் போன்றவை. மற்றொன்று, அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின், ஃபாமோடிடின், ஒமிப்ரசோல், லான்சோபிரசோல், ஈசோமிப்ரசோல் போன்றவை. இந்த இரண்டாவது வகை கக்குவதை நிறுத்தாது. மேலே வரும் பாலின் புளிப்பைத்தான் குறைக்கும், அளவைக் குறைக்காது. துணி நனையாமல் இருக்கும் என்று எதிர்பார்த்து இதைக் கொடுத்தால் ஏமாற்றம்தான்.

டோம்பெரிடோன் சொட்டு மருந்து எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே. பயப்பட வேண்டுமா?

மெடிக்கலில் கேட்டாலே கிடைத்துவிடுவதால் பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். குழந்தையின் எதுக்களிப்புக்கு இது பயன்படுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அபூர்வமாக இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014ல் இதன் பயன்பாட்டைச் சுருக்கியது. பிரிட்டன் 2019ல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாந்தி, குமட்டலுக்கு இதைக் கொடுப்பதையே நிறுத்தச் சொன்னது. அமெரிக்காவில் சாதாரண விற்பனைக்கு அனுமதி கிடைக்கவே இல்லை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவற்றோடு சேரும்போது ஆபத்து கூடுகிறது. அதனால் சளி, வாய்ப்புண் என்று வேறு டாக்டரிடம் போனால் இதைக் கொடுத்துக்கொண்டிருப்பதைச் சொல்லாமல் வராதீர்கள்.

மெட்டோகுளோபிரமைட் இன்னும் மோசம். கழுத்தும் கண்ணும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் பக்கவிளைவு குழந்தைகளுக்கு வரக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது என்று ஐரோப்பாவில் 2013ல் முடிவு செய்தார்கள். இதே வகையில் முன்பு பெயர்பெற்ற சிசாப்ரைடு இதயத் துடிப்புப் பிரச்சினையால் 2000ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது, 2011ல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் குழந்தைகளுக்குத் தாராளமாக எழுதப்பட்ட மருந்து அது.

ரானிடிடின் புற்றுநோய் வரவைக்கும் என்கிறார்களே?

அந்த மருந்தில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் வேதிப்பொருள் இருப்பது 2019ல் வெளியே வந்தது. மருந்து இருப்பில் இருக்க இருக்க, சூட்டில் வைத்தால் இன்னும் வேகமாக, அது கூடுகிறது என்று தெரிந்ததும் 2020 ஏப்ரலில் எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுத்துவிடும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டது. இந்தியாவில் 2022ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அது விற்பனைத் தடை இல்லை. கடையில் இருப்பதாலேயே கேள்வி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில நாள் கொடுத்துவிட்டேனே என்று உடைந்துபோகவும் தேவையில்லை. இந்தக் கவலை நீண்டகாலம் தினமும் எடுப்பதைப் பற்றியது. இனி வேண்டாம், அவ்வளவுதான். அமிலக் குறைப்பு உண்மையிலேயே தேவைப்பட்டால் இந்தச் சிக்கல் இல்லாத ஃபாமோடிடின் போன்றவை இருக்கின்றன.

ஒமிப்ரசோல், லான்சோபிரசோல் வகை நன்றாக வேலை செய்யுமா?

அமிலத்தைக் குறைப்பதில் கெட்டிக்கார மருந்துகள்தான். அழும் குழந்தையின் அழுகையைக் குறைக்குமா என்பது வேறு கேள்வி. 2009ல் வெளியான ஒரு சோதனை இந்த விஷயத்தில் என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. எதுக்களிப்பின் அறிகுறிகள் இருந்த, ஒரு வயதுக்கு உட்பட்ட 162 குழந்தைகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோபிரசோலும் மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவில் மருந்து குடித்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு நன்றாகக் குறைந்திருந்தது. போலி மருந்து குடித்தவர்களிலும் அதே 54 சதவீதம். ஆனால் நுரையீரல் தொற்று போன்ற கடுமையான பிரச்சினைகள் மருந்து குடித்த பக்கம் 10 பேருக்கும் மறுபக்கம் 2 பேருக்கும் வந்தன.

எங்கள் குழந்தைக்கு மருந்து கொடுத்த பிறகு அழுகை குறைந்ததே! அது பொய்யா?

குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்பதில்தான் சந்தேகம். குழந்தைகளின் அழுகை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணியும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்தால் பத்து மணி வரை முகம் சிவந்து, காலை மடக்கி, முதுகை வில்லாக வளைத்து அழும் அந்தக் கட்டத்தில்தான் பெற்றோர் டாக்டரிடம் ஓடுகிறார்கள். உச்சத்தில் தொடங்கிய எந்த மருந்தும் சில வாரத்தில் வேலை செய்ததுபோலத் தெரியும். போலி மருந்து குடித்த பாதிப் பேருக்கும் மேல் குணமான காரணம் அதுதான்.

எலும்பு முறிவு, அலர்ஜி, தொற்று பற்றி வரும் செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது?

இரைப்பை அமிலம் வீணாகச் சுரப்பதில்லை. வாய்வழி போகும் கிருமிகளைக் கொல்கிறது, புரதத்தைச் செரிக்க வைக்கிறது, கால்சியம் உடம்பில் சேர உதவுகிறது. அதை அடக்கினால் இந்த மூன்று வேலையிலும் கொஞ்சம் குறை வரலாம்.

அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் சுமார் 8.5 லட்சம் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2019ல் வெளியான ஆய்வில், முதல் வயதில் ஒமிப்ரசோல் வகை மருந்து எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு 23 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே வகைப் பதிவுகளில் முந்தைய ஆண்டு பார்த்ததில் உணவு அலர்ஜி இரண்டு மடங்குக்கும் மேல். 2023ல் பிரான்சில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்ததில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கான தொற்று 34 சதவீதம் அதிகம்.

இவை பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வுகள். மருந்து எடுத்த குழந்தைகள் முதலிலேயே கொஞ்சம் நோஞ்சானாக இருந்திருக்கலாம், பால் அலர்ஜியையே எதுக்களிப்பு என்று நினைத்து மருந்து கொடுத்திருக்கலாம். அதனால் மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. "23 சதவீதம் அதிகம்" என்பதை 100ல் 23 பேருக்கு எலும்பு முறியும் என்று படித்துவிடாதீர்கள். வழக்கமாக 100 பேருக்கு வருவது 123 பேருக்கு வருகிறது என்றுதான் அர்த்தம். உண்மையில் மருந்து தேவைப்படும் குழந்தைக்கு இது தடை இல்லை. தேவையில்லாத குழந்தைக்கு இதை ஏன் சுமத்த வேண்டும் என்பதே என் கேள்வி.

அப்படியென்றால் மருந்து யாருக்குத்தான் தேவை?

உணவுக்குழாய் அமிலத்தால் புண்ணாகியிருப்பது எண்டோஸ்கோப்பியில் (உள்ளே கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) உறுதியான குழந்தைக்குத் தேவை. பிறவியிலேயே உணவுக்குழாய் சேராமல் இருந்து அறுவை சிகிச்சை செய்த குழந்தைக்கும், மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள சில குழந்தைகளுக்கும் நீண்டகாலம்கூடத் தேவைப்படும். பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, எடை ஏறாமல், மற்ற வழிகளிலும் பலன் கிடைக்காத குழந்தைக்கு நான்கு முதல் எட்டு வாரம் அமிலக் குறைப்பு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 2018ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. முடிந்தால் குழந்தைகளுக்கான குடல்நோய் நிபுணரைப் பார்த்துவிட்டு. இந்த வகைக் குழந்தையின் பெற்றோர் இணையத்தில் படித்ததை வைத்து மருந்தை நிறுத்தினால் அதுவும் ஆபத்தே.

ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கே நிறுத்திவிடலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அமில மருந்தைச் சில மாதம் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் கொஞ்ச நாள் அமிலம் கூடுதலாகச் சுரந்து குழந்தை மறுபடி அழலாம். "பார், மருந்து இல்லாமல் முடியவில்லை" என்று திரும்பத் தொடங்கிவிடுவோம். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். போன வருடம் எழுதிய சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பது மட்டும் வேண்டாம்.

கொடுக்கும் முறையில் என்ன கவனிக்க வேண்டும்?

சீட்டில் இருப்பது மில்லியா, மில்லிகிராமா, சொட்டா என்று கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். ஒரே மருந்து சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் வரும். சொட்டு மருந்தின் செறிவு சிரப்பைவிட 10 மடங்கு இருக்கலாம். சிரப்புக்குச் சொன்ன ஒரு மில்லியைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சு கடையில் கிடைக்கும்.

ஒமிப்ரசோல் வகை பெரும்பாலும் கேப்சூலுக்குள் கடுகைவிடச் சின்னக் குருணைகளாக இருக்கும். அந்தக் குருணையின் மேல் இருக்கும் பூச்சுதான் மருந்தை அமிலத்திலிருந்து காக்கிறது. நசுக்கிப் பொடியாக்கிப் பாலில் கலந்தால் மருந்து இரைப்பையிலேயே கெட்டுவிடும். எப்படிக் கரைப்பது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பால் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது.

மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்?

அதிகம் கொடுக்கிறோமா என்று முதலில் பாருங்கள். அழுத போதெல்லாம் புட்டியை வாயில் வைத்தால், நிறைந்த வயிறு இன்னும் நிறைந்து கக்கத்தான் செய்யும். ஃபார்முலா (பவுடர் பால்) குடிக்கும் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 மில்லி அளவே போதும். அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுங்கள். புட்டியின் நிப்பிள் முழுக்கப் பால் நிறைந்திருக்கும்படி சாய்த்துப் பிடித்தால் காற்று குறைவாகப் போகும். தாய்ப்பால் என்றால் நிறுத்தவே வேண்டாம், குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று செவிலியரிடம் காட்டுங்கள். குடித்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைத்து, இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தியே வைத்திருங்கள். டயப்பரை வயிற்றில் இறுக்கிக் கட்டாதீர்கள்.

கஞ்சியோ ராகிக் கூழோ கலந்து கெட்டியாக்கிக் கொடுத்தால் நிற்கும் என்பார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு உங்களாக அதைச் செய்யாதீர்கள். ஃபார்முலாவைக் கெட்டியாக்குவது ஒரு முறைதான், ஆனால் எதை, எவ்வளவு என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

இவ்வளவு செய்தும் கக்குவது குறையாமல், மலத்தில் சளியோ ரத்தமோ, தோலில் சொறியோ இருந்தால் பசும்பால் புரத அலர்ஜியாக இருக்கலாம். தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், பன்னீர், பால் சேர்த்த காபி எல்லாவற்றையும் விட்டுப் பார்க்கலாம். அந்த நாட்களில் கால்சியத்துக்கு ராகி, எள், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுப்பால் மாற்று ஆகாது, பெரும்பாலும் அதுவும் ஒத்துக்கொள்ளாது. மாற்றம் தெரியாவிட்டால் பத்தியத்தை விட்டுவிடுங்கள். பிள்ளை பெற்றவளைக் காரணமில்லாமல் மாதக்கணக்கில் பட்டினி போடுவதில் யாருக்கும் நன்மை இல்லை.

பாட்டி வசம்பு உரசிக் கொடுக்கச் சொல்கிறார். கிரைப் வாட்டரும் கூடாதா?

பாட்டியின் அக்கறையில் குறை இல்லை. ஆனால் வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியது தெரிந்து, அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. பச்சைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். கையில் கட்டும் வசம்பு வளையலையும் குழந்தை வாயில் வைத்துச் சப்பும் என்பதை நினைவில் வையுங்கள். உரை மருந்தில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று என்ன அளவில் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. கல்லும் தண்ணீரும் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு. கிரைப் வாட்டர் எதுக்களிப்பைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர, டாக்டர் சொன்ன மருந்தைத் தவிர, வேறெதுவும் வாயில் போகாமல் இருப்பதே நல்லது.

குப்புறப் போட்டால் கக்காது என்கிறார்கள். செய்யலாமா?

தூக்கத்தில் கூடவே கூடாது. குப்புறத் தூங்கும் குழந்தைக்குத் திடீர் மரண ஆபத்து கூடுகிறது. மல்லாந்து படுத்தால் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக ஏற வேண்டும். குப்புறப் போட்டால் அது இறங்கியே போகலாம். தலையணை, சாய்வுப் படுக்கை எதுவும் வேண்டாம். சாய்வான தூக்கப் படுக்கைகளில் குழந்தைகள் இறந்ததால் அமெரிக்கா 2022ல் சட்டம் போட்டு அவற்றை நிறுத்தியது. தூளியில் குடித்ததும் போட்டால் உடம்பு மடங்கி, முகவாய் மார்பில் அழுந்தும். நிமிர்த்தித் தூக்கி வைத்திருந்து, பிறகு சமமான கெட்டியான படுக்கையில் மல்லாத்திப் போடுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கும் இதே பதில்தானா?

அங்கே இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். குறைமாதக் குழந்தைகளிடம் அமிலக் குறைப்பு மருந்துகளோடு குடல் அழுகல் நோயும் ரத்தத் தொற்றும் சேர்ந்து காணப்பட்டிருக்கின்றன. இங்கே நீங்களாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். பல நேரம் பெற்றோர் வெறுங்கையோடு போனால் திருப்தி இல்லாமல் போவார்கள் என்று நினைத்தே மருந்து எழுதப்படுகிறது. "மருந்து இல்லாமல் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றால் நாங்கள் தயார், சார்" என்று நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கும் வேலை எளிது. எடை குறித்த அட்டையையும், கக்கும்போது எடுத்த ஒரு வீடியோவையும் கொண்டுபோங்கள். மருந்து எழுதினால், எதற்காகக் கொடுக்கிறோம், எத்தனை நாளில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எந்தத் தேதியில் நிறுத்துவது என்று கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.